710 தண்ணிக்கு. தீக்கு இல்ல.

1/ மல்லாங்கிணறுல இருந்து சிவகாசி வரைக்கும் தீ விபத்துன்னா பட்டாசு ஆலைதான் ஞாபகம் வரும். 2012 முதலிப்பட்டியை இங்க யாரும் மறக்கல. ஆனா அதே மக்கள் நோயாளியா போய்ப் படுக்கிற கிளினிக்ல, ஐ.சி.யூ.வுல தடுப்பு எதுல அடிச்சிருக்குன்னு யாராவது பாத்தீங்களா? பல இடத்துல சாதாரண பிளைவுட். மேல மைக்கா ஒட்டினா பளபளன்னு இருக்கும், அவ்வளவுதான்.

2/ கேட்டா, "மரைன் பிளை சார், 710" என்பார்கள். ஐ.எஸ். 710 என்பது தண்ணீரில் பிரியாமல் இருப்பதற்கான தரம். தீயைத் தாங்குவதற்கான தரம் ஐ.எஸ். 5509. ரெண்டும் வேற.

3/ அதில் என்ன நடக்குது? பாஸ்பேட் உப்பு, போரிக் அமிலம், போராக்ஸ் போன்ற ரசாயனங்களை மரத்துக்குள்ள ஏத்துறாங்க. சூடானதும் பாஸ்பேட், மரத்தை எரியும் வாயுவாக விடாமல் கரியாக மாற்றும். போரான் உருகி கண்ணாடி மாதிரி மூடும். தீ பரவுவது தாமதமாகும்.

4/ தாமதம்தான், தடுப்பு இல்ல. அதோட இந்த உப்புகள் பல தண்ணியில கரையும். தினமும் கழுவுற வார்டுல தடுப்போட அடிப்பாகம் நனைஞ்சுக்கிட்டே இருந்தா, கொடுத்த காசு சாக்கடைக்குப் போகும்.

5/ டாக்டரா ஒண்ணு சொல்றேன். தீயில் பலரைக் கொல்வது புகை. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 என்று காட்டும். ஆள் மூச்சுத்திணறிச் செத்துக்கொண்டிருப்பார். 2011 கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் 6 பேர். வென்டிலேட்டர்ல இருக்கிறவர் எழுந்து ஓட முடியுமா?

6/ "விலை ஜாஸ்தி சார்." வரவேற்பறை கிரானைட்டுக்கு இருக்கிற காசு, நோயாளி தலைமாட்டுத் தடுப்புக்கு மட்டும் இல்லையா?

7/ பட்டாசு ஷெட்டுக்கு இடைவெளி எவ்வளவு, ஒரு அறையில எத்தனை பேர்னு விதி பேசுறோம். ஆக்ஸிஜன் ஓடும் அறைக்குள்ள பிளைவுட் அடிச்சா கேக்குறதுக்கு ஆள் இல்ல.

8/ ஐ.சி.யூ.வில், ஆக்ஸிஜன் பக்கத்தில் எரியாத பலகையைக் கேளுங்கள். மற்ற இடத்தில் பிளைவுட்தான் என்றால், பலகையில் 5509 முத்திரையைப் பாருங்கள். வெளியே போகும் வழியில் அலமாரி வைக்க விடாதீர்கள். கட்டில் கேக்குற உரிமை மாதிரி இதுவும் உங்க உரிமைதான்.