தடயம் அழியும் முன்

பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் ஏதாவது ஒரு கடைக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். மூலையில் ஒரு கேமரா இருக்கும்; கல்லாவுக்குக் கீழே ஒட்டடை படிந்த டிவிஆர் பெட்டி இருக்கும். அதன் கடிகாரம் பத்து நிமிடம் முன்னோ பின்னோ ஓடினாலும் யாரும் கவனிப்பதில்லை. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். வெள்ளாற்று முகத்துவாரத்துக் காலடியை அடுத்த ஓதம் வந்து அழிப்பதைப் போலத்தான் இதுவும்.

திருட்டோ அடிதடியோ நடந்தால் கடைக்காரர் பதிவைத் திரையில் ஓட்டிக் காட்டுகிறார். காவலர் பல நேரங்களில் அதைத் தன் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அந்த நகல் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறுகிறது. மூலப் பதிவு வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கும்போது டிஸ்கில் அது இருப்பதில்லை. முதலில் காப்பாற்று, பிறகு பார் என்ற வரிசை தலைகீழானதால் வரும் வினை இது.

சாத்தான்குளத்தை மறக்க முடியுமா? 2020 ஜூன் 19 இரவு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் நான்கு நாளுக்குள் உயிரிழந்தார்கள். நிலையத்தின் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். இருவரும் தங்கள் கடை முன் தரையில் உருண்டு காயப்பட்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று காட்டியது பக்கத்துக் கடையின் கேமரா. யாரோ ஒரு வியாபாரி மாட்டிவைத்த கருவிக்கு இருந்த நினைவு காவல் நிலையத்துக்கு இல்லாமல் போனது.

செல்போனிலும் இதே தவறுதான் நடக்கிறது. கைப்பற்றியதும் காவலரின் விரல் கேலரிக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகிறது. ஒவ்வொரு தொடுதலும் உள்ளே ஏதோ ஒன்றை மாற்றுகிறது. இணைப்பைத் துண்டிக்காவிட்டால் எங்கிருந்தோ ஒருவர் மொத்தத்தையும் அழித்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் எண்ணையும் கேட்கிறது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். ஆகவே அது கணக்கிடப்பட வேண்டியது கைப்பற்றும் நேரத்தில். மூன்று மாதம் கழித்து எடுத்த எண், இடைப்பட்ட மூன்று மாதத்தில் நடந்தது எதற்கும் சாட்சி சொல்லாது.

ஒரு கோப்பு ஒருவரின் கணினியில் இருப்பதாலேயே அதை அவர்தான் வைத்தார் என்றும் ஆகிவிடாது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் சாட்சியமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் வெளியிலிருந்து நுழைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் என்ற தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. வழக்கை நடத்தும் என்.ஐ.ஏ. அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பவே முடிந்தது, வட்டின் முழு நகல் எதிர்த்தரப்பின் கைக்கும் கிடைத்ததால்தான். கதையை முதலில் முடிவுசெய்துகொண்டு அதற்கு ஏற்ற கோப்பைத் தேடுவது புலனாய்வே அல்ல.

ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. நம் ஊர்ப் பெண்ணின் படத்தைச் சிதைத்துப் பரப்பும் வழக்குகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வரமாட்டா. அங்கே முதலில் போய் நிற்பவர் சாதாரணக் காவலர். கடலூர் மாவட்டத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் மின்னணுத் தடயத்தைக் காப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். டிவிஆர் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், ஹேஷ் எண் இரண்டும் கடையை விட்டு இறங்கும் முன்பே மகஜரில் ஏற வேண்டும். மகஜரின் பிரதி பொருளுக்கு உரியவர் கையில் சேர வேண்டும். வளைகுடாவில் உழைக்கும் கணவரோடு பேச ஒரே செல்போனை வைத்திருக்கும் வீட்டில், நகலெடுத்த பிறகும் அதை மாதக்கணக்கில் முடக்கி வைப்பது அநியாயம்.

காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2இல் உத்தரவிட்டது. கடைக்காரரிடம் பதிவு கேட்கும் காவல்துறை, தன் டிஸ்கில் உள்ள மிகப் பழைய பதிவின் தேதியை மாதந்தோறும் மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுக்கட்டும். பரங்கிப்பேட்டை நிலையத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.