தபசுக் காட்சியும் பட்டைச் சீனிக் கேக்கும்

ஆடி மாதத்து உத்திராடம் நெருங்கிவிட்டால் சங்கரன்கோவிலில் வீடுகள் திடீரென்று சிறுத்துப் போகின்றன. சுவர்கள் இருந்த இடத்திலேதான் இருக்கின்றன, உறவினர்தான் பெருகிவிடுகிறார்கள். விருதுநகர் மார்க்கமாக வரும் ரயிலிலும், திருநெல்வேலியிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வரும் பஸ்களிலும் அத்தைமார், சித்திமார், அவர்களுடைய பேரன் பேத்திகள் என்று வந்து இறங்கிய வண்ணமாக இருக்கிறார்கள். எல்லாரும் வருவது ஒரே காட்சியைக் காண்பதற்காக. அரியும் அரனும் வேறல்லர் என்பதைக் கண்ணாரக் காண வேண்டுமென்று கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்தாள் என்பதும், வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி திருமாலாகவும் இறைவன் அவளுக்குச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தான் என்பதும் அந்த க்ஷேத்திரத்தின் ஐதிகம். அந்தக் காட்சிதான் ஆடித்தபசு.

அம்பாள் தவமிருந்தாள்; காட்சியும் பெற்றாள். ஆனால் அதே ஊரில், அதே நாளில், காலை முதல் இரவு வரை ஒற்றைக் காலில் நின்றும் காட்சி பெறாத ஒருத்தி ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறாள் என்பதை நேயர்கள் கவனித்திருக்கக் கூடும். அவள் நிற்குமிடம் தபசு மண்டபம் அல்ல, அடுப்பங்கரை. "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க அத்தை, எனக்கு எண்ணெய் காயுது" என்று அவள் சொல்லுகிறாள். "பாவம், அவளுக்கு வேலை" என்று மற்றவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஆண்டும் இதே பேச்சு, இதே எண்ணெய்.

ஆகவே இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பலகாரந்தான் என்றாலும், பலகாரத்தை மட்டும் பற்றியதல்ல. விருந்தினருக்குத் தித்திப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு ஸ்திரீயின் திருநாள் முழுவதும் செலவாகிவிடக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு ஒரு வழி உண்டா என்பதே கேள்வி.

அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியை ஊறவைத்து, ஈரம் போகாமல் இடித்து, பாகு பதம் பார்த்துக் கிளறி, மாவை ஒரு நாளாவது வைத்திருந்து, பிறகுதான் எண்ணெயில் போட வேண்டும். அதன் பெருமையைக் குறைத்துப் பேச நாம் துணியமாட்டோம். ஓய்வுள்ள நாளில், நாலு பேர் கூடிச் செய்ய வேண்டிய பக்ஷணம் அது. கூட்டமுள்ள நாளில், ஒருத்தி தனியாக நின்று செய்ய வேண்டியதல்ல. அத்தகைய நாளுக்கு நாம் சொல்லும் பண்டம், பேக்கரியில் வாங்கிய சாதாக் கேக்கைத் துண்டு செய்து, மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்து, பட்டைப் பொடி கலந்த சீனியில் புரட்டி எடுப்பது. எண்ணெய் காயும் நேரத்தையும் சேர்த்து 20 நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

"கேக்காவது, பட்டையாவது! இரண்டும் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மலையாளக் கரையில் தலைச்சேரிக்கு அருகே அஞ்சரக்கண்டி என்னும் இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே பெரிய கறுவாப்பட்டைத் தோட்டம் உண்டாயிற்று. அந்தத் தோட்டத்துத் துரையான பிரௌன் என்பவர் 1883-ம் ஆண்டில் சீமையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைத் தலைச்சேரி ரொட்டிக் கடைக்காரரான மாம்பள்ளி பாபுவிடம் கொடுத்து, "இதைப் போல் செய்ய முடியுமா?" என்று கேட்டாராம். பாபு உள்ளூர்ச் சரக்குகளைக் கொண்டே செய்து கொடுத்தார் என்றும், துரை சுவைத்துப் பார்த்து மேலும் ஒரு டஜன் வேண்டுமென்றார் என்றும் அங்கே இன்றும் பெருமையுடன் சொல்லுகிறார்கள். இந்தியர் கையால் நம் நாட்டில் சுடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுவே என்பது வழக்கு. கேக்கும் பட்டையும் நமது தென்னாட்டுக் கரையில் சந்தித்துக்கொண்டு நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இனியும் அவற்றை அந்நியர் என்று வாசலில் நிறுத்துவது நியாயமல்ல.

கடையில் வாங்கியதை வீட்டில் மறுபடி பொரித்துத் தித்திப்பாக்குவதும் புதிய தந்திரமல்ல. ஐதராபாத்தில் ரொட்டித் துண்டுகளை நெய்யில் பொரித்துப் பாகிலும் பாலிலும் ஊறவைத்து, 'டபுள் கா மீட்டா' என்று கல்யாண விருந்துகளில் பரிமாறுகிறார்கள். ஸ்பெயின் தேசத்தில் பழைய ரொட்டியைப் பாலில் நனைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்து, சீனியும் பட்டைப் பொடியும் தூவி 'தோர்ரிஹா' என்று உண்கிறார்கள். அதுவும் ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில்தான் விசேஷம். அங்கேயும் பழைய ரொட்டியை வீணாக்காத சிக்கனமே திருநாள் பலகாரமாயிற்று.

இனிப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நமது வீடுகளில் தித்திப்புக்கு ஏலக்காய், குழம்புக்குப் பட்டை என்று பாகப் பிரிவினை செய்து வைத்திருக்கிறோம். பிரியாணிக்குப் பேர்போன சங்கரன்கோவிலில் பட்டையின் மணம் எவருக்கும் புதிதல்ல. அது சீனியோடு சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் புதிது. ஆனால் கடையில் 'பட்டை' என்று கொடுப்பதெல்லாம் ஒன்றல்ல. தடித்து, முரட்டுத்தனமாக, ஒரே சுருளாக, ஒடிக்கக் கை வலிப்பதாக இருந்தால் அது பெரும்பாலும் சீனம், வியட்நாம் முதலிய தேசங்களிலிருந்து வரும் காஸியா என்னும் மாற்றுப் பட்டை. காகிதம் போன்ற மெல்லிய தோல்கள் பல, சுருட்டைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றியிருந்து, விரலால் அழுத்தினாலே நொறுங்கினால் அது இலங்கைக் கறுவா. இந்தப் பட்டையின் ஆசைதான் 1505-ல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியரையும், 1656-ல் கொழும்பைப் பிடித்த டச்சுக்காரரையும் அத்தீவை விட்டு அகலவொட்டாமல் செய்தவற்றுள் முக்கியமானது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு அளித்திருக்கிறது.

இந்த வேற்றுமை மணத்துக்காக மட்டுமல்ல. காஸியாவில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அதை அதிக அளவில் நாள்தோறும் நெடுங்காலம் உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரல் கெடக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் எச்சரித்திருக்கிறார்கள். இலங்கைக் கறுவாவில் அப்பொருள் மிகச் சொற்பமே. திருநாளில் நாலு துண்டு தின்பதால் ஒன்றும் வந்துவிடாது. ஆனாலும் குழந்தைகளுக்குக் கொடுப்பதை நல்லதாகவே கொடுப்போமே!

செய்முறை இதுதான். கால் கிலோ சாதாக் கேக் வாங்குங்கள். பூசிய கேக்கும் பழக் கேக்கும் உதவா. பூச்சு எண்ணெயில் உருகும், பழம் கருகும். முட்டை சேர்ந்ததா, சேராததா என்று கடையிலேயே கேட்டுக்கொள்வது நலம். இரண்டும் இதற்கு ஏற்றவையே. அன்றைக்குச் சுட்டதைவிட ஒரு நாள் பழகியது மேல். ஈரம் குறைந்திருப்பதால் உதிராது. அதை ஓர் அங்குலக் கட்டிகளாக நறுக்கினால் சுமார் 30 துண்டுகள் கிடைக்கும். தட்டில் பரப்பிச் சிறிது நேரம் காற்றாட விடுங்கள்.

ஐந்து மேஜைக்கரண்டி சீனியை மிக்ஸியில் ஒரே சுற்றுச் சுற்றி, ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து அகலமான பாத்திரத்தில் வையுங்கள். இதுவரையுள்ள வேலையைக் காலையிலேயே முடித்துவிடலாம். வெண்சீனி வேண்டாமென்பவர்கள் பனங்கற்கண்டைப் பொடித்துக்கொள்ளலாம். கருப்பட்டியானால் ஈரத்தால் கட்டிப்படும். அதை விரும்புகிறவர்கள் சுக்குத் தட்டிப் போட்டுப் பாகாகக் காய்ச்சித் தொட்டுக்கொள்ளக் கொடுக்கட்டும். அது நெல்லைச் சீமைக்கே உரிய ருசி.

பொரிக்கும் சமயத்தில் 100 கிராம் மைதாவும் இரண்டு தேக்கரண்டி அரிசி மாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, சுமார் 150 மில்லி குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரையுங்கள். பஜ்ஜி மாவைவிட நீர்த்திருக்க வேண்டும்; கேக்கின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்தால் போதும். மாவில் சீனி போட வேண்டாம். போட்டால் கேக்குக்குச் சூடேறுமுன் மேற்புறம் கறுத்துவிடும்.

வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் விடாதீர்கள். ஒரு துளி மாவை விட்டால் கணம் அமிழ்ந்து உடனே மேலெழும்ப வேண்டும். உஷ்ணமானி வைத்திருப்பவர்களுக்கு 180 டிகிரி சென்டிகிரேடு. ஒரு தடவைக்கு ஆறு துண்டுகளே. மேலும் போட்டால் எண்ணெயின் சூடு தணிந்துவிடும். சூடு சரியாயிருக்கும்போது மாவிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியே பாய்கிறது. அந்த ஆவியே எண்ணெயை உள்ளே வரவிடாமல் காவல் நிற்கிறது. சூடு குறைந்தால் காவலாளி தூங்கிவிடுகிறான். ஒரு நிமிஷத்துக்குள் பொன்னிறமாகும். வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலுள்ள எண்ணெய் உட்புகும்; ஆகையால் உடனே கம்பித் தட்டில் வடியவிட்டு, சூடு ஆறுமுன் சீனியில் புரட்டுங்கள். ஆறிவிட்டால் சீனி ஒட்டாது.

எண்ணெய் காயும்போது குழந்தைகளைக் கிட்டே விட வேண்டாம். தற்செயலாக வாணலியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடிவிடுங்கள்.

இனி, ஆட்சேபங்கள். "இதை அம்பாளுக்கு நைவேத்தியம் செய்யலாமா?" என்றால், வேண்டாம். அதற்குச் சர்க்கரைப் பொங்கல் இருக்கிறது. இது விருந்தினருக்கும் குழந்தைகளுக்கும். "உடம்புக்கு நல்லதா?" என்றால், எண்ணெயும் சீனியும் சேர்ந்த எதுவும் மருந்தாகாது, ஆளுக்கு மூன்று அல்லது நாலு துண்டு என்று நிறுத்துவதே மருந்து. "பாதி கடையில் வாங்கியது, பாதி வீட்டில் செய்தது, இதை வீட்டுப் பலகாரம் என்று எப்படிச் சொல்வது?" என்பது மூன்றாவது ஆட்சேபம். இரண்டு பாதிகள் சேர்ந்து முழுமையாவதைக் கும்பிடுவதற்காகவே ஜனங்கள் திரண்டு வரும் ஊரில் இந்தக் கேள்விக்கு இடமில்லை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வேலையைச் சுலபமாக்கும் ஒவ்வொரு சாதனமும், மிச்சமான நேரத்தில் வேறொரு வேலையைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. அம்மி போய் மிக்ஸி வந்தது. அதனால் அடுப்பங்கரையில் இருப்பவளுக்கு ஓய்வு வந்ததா, அல்லது இரண்டு சட்னிக்குப் பதில் நாலு சட்னி வந்ததா என்பதை நேயர்களே அறிவார்கள். "கேக் 20 நிமிஷந்தானே? அப்படியானால் கூடவே வடையும் போட்டுவிடு" என்று சொல்லுவோமானால் இந்தக் கட்டுரையால் ஒரு பிரயோசனமும் இல்லை. கேக்கை நறுக்கப் புருஷர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. சீனியில் புரட்டப் பத்து வயதுப் பையன் போதும். பொரிப்பதும் காட்சிக்கு முன்பே ஆக வேண்டுமென்ற அவசியமில்லை. எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டுப் போய்த் தரிசித்துவிட்டு, திரும்பி வந்த பிறகு அடுப்பை மூட்டினால் போதும்.

வரும் ஆடித்தபசன்று தித்திப்பு சற்று எளியதாக இருந்தால் விருந்தினர் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டு மருமகளும் கூட்டத்தோடு நின்று அண்ணாந்து பார்க்கும்போது, அந்தக் காட்சியைக் காண அவளும் தவமிருந்தவள்தான் என்பதை நாம் நினைவில் வைப்போமாக.