டாக்கர் நகரைக் கட்டியவர்கள்

டாக்கர் என்றதும் நம் இளைஞர்களுக்கு மோட்டார் பந்தயம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பந்தயம் 2009ஆம் ஆண்டே ஆப்பிரிக்காவை விட்டு வேறு கண்டத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு திரிகிறது. ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைக்கும் எனக்கு அந்த ஊர் வேறொரு காரணத்தால் நெருக்கமானது. 1947இல் அங்கே ரயில்வேத் தொழிலாளிகள் ஐந்து மாதத்திற்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்ற மாதம் நமது செயற்குழுவில் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, பொங்கல் விழா நடத்துவோம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்போம், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்ப உதவுவோம். அதோடு சங்கம் நிற்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளி பிரச்சினையைத் தொழிற்சங்கக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்." வயதில் மூத்தவர். அன்று எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. என் பதில் இக்கட்டுரை.

டாக்கர் இன்று மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுத் தலைநகர். லெபு என்னும் மீனவ மக்களின் நிலம் அது. எதிரே கடலில் கோரே தீவு. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய தீவுகளில் ஒன்று. 1857இல் அந்தத் தீவிலிருந்து பிரெஞ்சுப் படை கரையேறிக் கோட்டை கட்டியது. 1885இல் டாக்கரையும் செயின்ட் லூயி நகரையும் இணைக்கும் ரயில் பாதை வந்தது. யாருக்காக? உள்நாட்டு விவசாயி விளைவித்த வேர்க்கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர. அதை ஆட்டி எண்ணெய் எடுக்க பிரான்சில் ஆலைகள் காத்திருந்தன. 1902இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் டாக்கர் தலைநகரானது. கவர்னர் மாளிகை எழுந்தது, அகன்ற வீதிகள் வந்தன. மண் சுமந்தவன் குடிசையில் இருந்தான்.

அந்தக் குடிசையையும் விட்டுவைக்கவில்லை. 1914இல் பிளேக் நோய் வந்தது. நோயைக் காரணம் காட்டிக் கறுப்பு மக்களின் குடிசைகளைக் கொளுத்தி, நகருக்கு வெளியே மெதினா என்ற புதுக் குடியிருப்புக்கு அவர்களை விரட்டினார்கள். லெபு மக்கள் எதிர்த்து நின்றதால் விரட்டல் பாதியில் நின்றது. அதே ஆண்டுதான் பிளேஸ் தியாஞ் என்ற கறுப்பு மனிதரை டாக்கர் உள்ளிட்ட நான்கு நகர மக்கள் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மும்பையில் வாழ்பவர்களுக்கு இது புதுக் கதை அல்ல. 1896இல் இங்கே பிளேக் வந்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தார்கள். நோய் எல்லாருக்கும் வரும். வீடு போவது ஏழைக்கு மட்டும்.

பிறகு உலக யுத்தம் வந்தது. பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, உயிரோடு திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் டாக்கரை அடுத்த தியாரோய் முகாமில் தங்கள் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1ஆம் தேதி துப்பாக்கிக் குண்டுதான் பதிலாகக் கிடைத்தது. செத்தவர் 35 பேர் என்றது சர்க்கார் கணக்கு. பல நூறு பேர் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொள்ள 2024 வரை, எண்பது வருடம், ஆயிற்று.

அந்த ரத்தம் காய்ந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1947 அக்டோபர் 10ஆம் தேதி ரயில்வேத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். டாக்கர் - நைஜர் பாதை மட்டுமல்ல, பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் மற்றப் பாதைகளும் சேர்ந்துகொண்டன. சுமார் 20 ஆயிரம் பேர். தலைவர் இப்ராகிமா சார். அவரும் ரயில்வே எழுத்தர்தான் என்பதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அவர்கள் கேட்டது என்ன? ரயில்வேயில் வெள்ளையனுக்கு ஒரு விதி, கறுப்பனுக்கு ஒரு விதி. கறுப்பர்களிலும் பெரும்பாலோர் நிரந்தரப் பட்டியலில் இல்லாத 'துணை'த் தொழிலாளிகள். ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் எந்த நாளும் வெளியே தள்ளலாம். எல்லாருக்கும் ஒரே படிநிலை, ஒரே விதி, துணைத் தொழிலாளிகளை அதில் சேர்க்க வேண்டும் என்பதே கோரிக்கை. நிரந்தர வேலையில் இருந்த சார், நிரந்தரமில்லாதவனுக்காகவும் சேர்த்துத்தான் போராடினார். இந்த இடத்தை நம் நிரந்தர ஊழியர்கள் இருமுறை படிக்க வேண்டும்.

பட்டினி போட்டால் பத்து நாளில் வந்துவிடுவான் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. அரசியல் தலைவர்களில் பெரும்பாலோர் எட்டி நின்றார்கள். பின் எப்படி ஐந்து மாதம் தாங்கினார்கள்? சிலர் சொந்தக் கிராமத்துக்குப் போய் ஏர் பிடித்தார்கள். சிலர் மீன் பிடித்தார்கள். சந்தையில் விற்ற பெண்களின் காசில் அடுப்பெரிந்தது. சொந்தபந்தங்கள் தானியம் அனுப்பினார்கள். தியேஸ் நகரில் சங்கத்தின் கூட்டுறவுக் கடை கைகொடுத்தது. நிர்வாகம் தொழிலாளியை மட்டும் எண்ணியது. அவன் பின்னால் இருந்த ஊரை எண்ணவில்லை. துறைமுகத் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரான உஸ்மான் செம்பேன் 1960இல் இதை நாவலாக எழுதினார். அதில் பெண்கள் தியேஸிலிருந்து டாக்கருக்கு நடந்தே வருகிறார்கள். காட்சி கற்பனையாக இருக்கலாம். அந்தப் பெண்களின் பங்கு கற்பனை அல்ல.

1948 மார்ச் 19ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. 20 சதவீதச் சம்பள உயர்வு கிடைத்தது. வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தண்டனை கிடையாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் கறுப்பனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துப் பேசியாக வேண்டும் என்பதை வெள்ளை அதிகாரி கற்றுக்கொண்டான்.

1960இல் சுதந்திரம் வந்தது. சார் மந்திரியானார். பிரதமருக்கும் ஜனாதிபதிக்கும் 1962இல் மோதல் வந்தபோது பிரதமரோடு சேர்த்துக் கைதானார். 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, 1974இல்தான் வெளியே வந்தார். கொடி மாறினால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 2003இல் டாக்கர் - பமாக்கோ ரயில் பாதையையே தனியாரிடம் ஒப்படைத்தார்கள். சில ஆண்டுகளில் பயணி வண்டி நின்றுபோனது. 2021 டிசம்பரில் டாக்கரிலிருந்து புறநகருக்குப் பளபளப்பான புது ரயில் விட்டார்கள். நல்லதுதான். ஆனால் பமாக்கோ வரை போன ஏழையின் வண்டி திரும்பவில்லை.

பெரியவர் அவர்களே, நம் நாட்டிலும் 1974 மே மாதம் லட்சக்கணக்கான ரயில்வேத் தொழிலாளிகள் 20 நாள் போராடினார்கள். அப்போது குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றியதை எங்கள் ஆபீஸ் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெளியே தள்ளப்பட்டவனுக்கு இடமும் கஞ்சியும் கொடுத்தது யார்? அக்கம்பக்கமும் ஊர்க்காரனும்தானே?

இன்று நிலையத்தைக் கூட்டுபவன், பெட்டியைக் கழுவுபவன், போர்வை கொடுப்பவன் எல்லாரும் ஒப்பந்தக்காரனின் ஆள். அவர்களில் நம் தமிழர்களும் உண்டு, பீகாரிகளும் உண்டு. சம்பளம் தாமதமானால் அவர்கள் முதலில் வருவது தொழிற்சங்க ஆபீசுக்கு அல்ல. நம் சங்க வாசலுக்கு. அப்போது 'இது அரசியல்' என்று கதவைச் சாத்துவதா?

என் யோசனை இரண்டு. விழா நிதியில் ஒரு பங்கை அரிசி நிதியாக ஒதுக்குவோம். நம் உறுப்பினர்களில் ஒப்பந்த வேலையில் இருப்பவர் யார், யாருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதுவோம். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டை நானே கொண்டு வருகிறேன். முதல் பெயரைப் பெரியவரே தம் கையால் எழுதட்டும்.