சபை கூடாத காலம்

நகர சபைக் கூட்டம் என்றதும் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. பல ஆண்டுகளின் முன் சிறு பட்டினம் ஒன்றின் சபைக் கூட்டத்தைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து கண்டேன். தெருவிளக்கு ஒன்றை எந்தச் சந்தியில் நாட்டுவது என்பது பற்றி அங்கத்தவர் இருவர் முக்கால் மணி நேரம் வாதாடினர். அடுத்து வந்த வரவு செலவுக் கணக்கோ ஐந்து நிமிடத்தில் நிறைவேறிற்று. இவர்கள் கூடாதிருந்தால் ஊருக்கு என்ன குறை வந்துவிடும் என்று எண்ணியபடியே வீடு திரும்பினேன். அவ்வெண்ணம் பிழையென எனக்கு உணர்த்தியது ஒரு குப்பைமேடு.

கொட்டாஞ்சேனையில் வாழ்ந்தோர் புளூமெண்டல் குப்பைமேட்டை மறந்திரார். மழை பெய்து ஓய்ந்தால் அதன் நாற்றம் வகுப்பறைக்குள்ளும் புகும். மூக்கைப் பொத்திக்கொண்டு இலக்கணம் படிப்பித்த நாள்கள் உண்டு. 2009 ஆம் ஆண்டில் அவ்விடத்திற் குப்பை கொட்டுவது நின்றது. நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். கொழும்பின் குப்பை இனி எங்கே போகும் என்று கேட்டோமா? நான் கேட்கவில்லை.

அது எல்லை கடந்து, கொலன்னாவை நகர சபைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லைக்குப் போயிற்று. முதலில் இரண்டு ஏக்கர் நிலம், அதுவும் சிறிது காலத்துக்கு என்பதே பேச்சு. பின்னர் நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் என்ற அளவில் குப்பை குவிந்து, அயலிலிருந்த குடிமனைகளை மேடு நெருங்கிற்று. அங்குள்ள மக்கள் வீதிக்கு வந்து மறியல் செய்தனர். அவர்களுடைய இக்கட்டை நன்கு கவனித்தல் வேண்டும். குப்பையைக் கொட்டிய மாநகர சபைக்கு அவர்கள் வாக்காளரல்லர். அவர்தம் வாக்குப் பெற்ற நகர சபையால் அதனைத் தடுக்க இயலவில்லை. குப்பையோ வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சோலைவரி செலுத்தும் நம்முடையது.

2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அம்மேடு சரிந்தது. பொங்கலும் பலகாரமுமாய் நாம் உறவினரை உபசரித்துக்கொண்டிருந்த பிற்பகலில், முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் நமது கழிவின் கீழ் மாண்டன.

அன்று கொழும்பிலேனும் கொலன்னாவையிலேனும் மக்கள் தெரிவுசெய்த சபை இருக்கவில்லை. பதவிக் காலம் முடிந்தும், வட்டார எல்லை, தேர்தல் முறை என்னும் இழுபறிகளால் வாக்கெடுப்பு 2018 பெப்புருவரி வரை பின்போயிற்று. உத்தியோகத்தரே சபையாய் இருந்தனர். அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சபை கூடியிருந்தால் மேடு சரிந்திராது என்று சாதிக்கவும் மாட்டேன். மேடு வளரத் தொடங்கிய ஆண்டுகளிற் சபைகள் கூடிக்கொண்டுதான் இருந்தன. ஆயினும், “என் வட்டாரத்து வீட்டுச் சுவர் வெடிக்கிறது” என்று எழுந்து கூச்சலிடவும், அக்கூச்சல் கூட்டக் குறிப்பில் ஏறவும் ஓர் இடம் வேண்டும். அவ்விடமே அன்று பூட்டிக்கிடந்தது. பின்னர் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்குக் குப்பையைக் கொண்டுபோகத் தீர்மானித்தபோது அங்குள்ளோரும் வீதிக்கு வந்தனர். நமக்கு அது பத்திரிகைச் செய்தி, அவ்வளவே.

இவ்வளவு நடந்த பின்னரும் பூட்டு மீண்டும் விழுந்தது. 2023 மார்ச்சு 9 இல் நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லையென நின்றது. அது அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டிற் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு நடந்ததோ 2025 மே 6 இலேதான். இரண்டாண்டுக்கு மேலாகச் சபையில்லை. நம் வீட்டுத் திண்ணைகளில் அதுபற்றி எவரும் வருந்தியதை நான் கேட்டிலேன். கொழும்பின் முதல் மேயராக 1937 இல் அமர்ந்தவர் தமிழராகிய வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து என்று மாணவர்க்குப் பெருமையோடு சொல்லுகிறோம். அத்துடன் நம் நகராட்சிப் பாடம் முடிந்துவிடுகிறது.

உள்ளூராட்சி சபையிலே தமிழிற் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பு அங்கத்தவர்க்கு அளித்திருக்கிறது. அவ்வுரிமையோடு பேசுவோர் எதனைப் பேசுகின்றனர் என்று கேட்பதற்கு, மேல்வகுப்பு மாணவர் பன்னிருவரை நகர மண்டபத்துக்கு அழைத்துச்செல்ல அனுமதி வேண்டி எழுதியிருக்கிறேன். தெருவிளக்கைப் பற்றி முக்கால் மணி நேரம் வாதாடினாலும் இருந்து கேட்போம்.