கட்டம், கொம்பு, கேள்விக்குறி: திரையில் உடையும் தமிழ்

திரையில் தமிழ் உடைந்து தெரிந்தால் நம் ஊர்களில் உடனே கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சிடு." பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றி, ரேம் கூட்டி, விளையாட்டுகளை ஓட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன பேச்சு. அடித்தும் விடுகிறார்கள். பாதியில் நிறுத்தியிருந்த ஆட்டங்கள், குடும்பப் படங்கள், பள்ளிக் கோப்புகள் எல்லாம் போய்விடுகின்றன. மறுநாள் அதே கட்டங்கள் திரும்ப வந்து நிற்கின்றன. தேவையே இல்லாத அழிவு இது. எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று சற்று நிதானித்துப் பார்த்தாலே கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பார்வையைப் பள்ளிக் கணினி வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

'செஞ்சி' என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு இதை ஆறு குறிகளாகச் சேமிக்கிறது: ச, கொம்பு, ஞ, புள்ளி, மறுபடி ச, இகரக் குறி. கையால் எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. சேமிப்பிலோ அது சகரத்துக்குப் பின்னால் இருக்கிறது. வரையும் நேரத்தில் அதை முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தத் தனி மென்பொருள் வேண்டும். லினக்ஸில் பெரும்பாலும் அந்த வேலையை 'ஹார்ஃப்பஸ்' செய்கிறது. விளையாட்டை உருவாக்கியவர்கள் இந்தப் படியைச் சேர்க்காமல் விட்டால் கொம்பு ஞகரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊரின் பெயர் 'சஞெ' என்று தொடங்கும்.

இப்படித் தெரிந்தால் எத்தனை எழுத்துரு நிறுவினாலும் பயனில்லை. விளையாடுபவர் கையில் இதற்கு மருந்து கிடையாது. விளையாட்டை எழுதியவர்தான் திருத்த வேண்டும். அது முடியாத காரியமும் அல்ல. கட்டற்ற விளையாட்டுப் பொறியான கோடோ, 2023 மார்ச்சில் வெளிவந்த நான்காம் பதிப்பில் ஹார்ஃப்பஸைச் சேர்த்துக்கொண்டது. அதன் மூன்றாம் பதிப்பில் இடம் மாறி நின்ற கொம்பு இதில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. தமிழில் விளையாட்டு செய்ய நினைக்கும் இளைஞர்கள் பொறியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். படக்காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் கொம்பு தப்பினால் கதையைப் படிக்க முடியாது.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் விஷயம் எளிது. எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதை வரைய எழுத்துரு இல்லை, அவ்வளவே. டெபியன், உபுண்டு வகைகளில் தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவினால் போதும். லோகித் தமிழ், நோட்டோ தமிழ் இரண்டும் இலவசம். விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டை வைன் வழியாகவோ, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் வழியாகவோ ஓட்டும்போது இது அதிகம் வரும். விளையாட்டு கேட்கும் விண்டோஸ் எழுத்துரு இங்கே இருக்காது. சில விளையாட்டுகள் தங்கள் எழுத்துருவைத் தங்களுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கும். அப்போது வெளியில் எதை நிறுவினாலும் அது திரும்பிப் பார்க்காது.

மூன்றாவது வகைதான் பார்ப்பவரை மிரட்டுகிறது. தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', இப்படியே வரி முழுக்க. உண்மையில் இதில் ஒன்றுமே அழிந்திருக்காது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், செஞ்சிக்குப் பதினெட்டு. எல்லாத் தமிழ்க் குறிகளும் ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் அந்த 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது. ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறையில் கணினி அதைப் படிக்கிறது என்று பொருள். சேமிக்காமல் மூடிவிட்டு, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் தமிழ் அப்படியே வந்துவிடும்.

அஞ்ச வேண்டியது கேள்விக்குறிக்கு. ஏதோ ஒரு மென்பொருள் தமிழ் தெரியாத முறைக்கு எழுத்தை மாற்ற முயன்று, முடியாமல் ஒவ்வொன்றின் இடத்திலும் கேள்விக்குறி வைத்திருக்கிறது. இந்த நிலையில் கோப்பைச் சேமித்துவிட்டால் தமிழ் திரும்பாது. கட்டத்தைக் கண்டு பதறி ஃபார்மட் அடிப்பவர்கள், கேள்விக்குறியைக் கண்டால் சாவகாசமாகச் சேமித்துவிடுகிறார்கள். கவனம் இங்கே தலைகீழாக இருக்கிறது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு சமணக் கல்வெட்டு உண்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றியது. தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. இன்றைய எழுத்தை மட்டும் அறிந்தவருக்கு அது பாறைக் கீறல். அந்த முறை தெரிந்தவருக்கு முழு வாக்கியம். நம் பழைய கணினிக் கோப்புகளும் அப்படித்தான் கிடக்கின்றன. ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் தெரிந்தால், பாமினி எழுத்துருவில் அது 'தமிழ்'. பிறகு டிஸ்கி என்ற குறியாக்க முறை வந்தது, 1999இல் தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற முறைகள் வந்தன. 2010 ஜூனில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் டிடிபி கடைகளில் அடித்துக் குவித்ததெல்லாம் யூனிகோடுக்கு மாற்றப்படாதவரை ஒவ்வொரு புதுக் கணினியிலும் உடைந்தேதான் தெரியும்.

தமிழோடு ஆங்கிலமும் சேர்ந்து சிதைந்தால் எழுத்துருவை விட்டுவிடலாம். அது கிராபிக்ஸ் பக்கத்துக் கோளாறு. வரைந்த எழுத்துகளைக் கணினி வரைகலை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. உறக்க நிலைக்குப் போய் எழும்போது அது முழுதாகக் காக்கப்படாவிட்டால் எழுத்துகள் கலைந்துபோகும். என்விடியா வரைகலை ஓட்டியில் (டிரைவர்) அதைக் காப்பதற்கென்றே தனி அமைப்பு உண்டு. ஓட்டியைப் புதுப்பித்த பிறகு ஸ்டீம் சாளரத்தில் மட்டும் எழுத்து குலைந்தால், அதன் தற்காலிகச் சேமிப்பை அழித்தால் பெரும்பாலும் சரியாகும். படத்திரை தொடங்கும் முன் வரும் கறுப்புத் திரையிலோ தமிழை எதிர்பார்க்கவே வேண்டாம்: லினக்ஸ் கருவின் அந்தத் திரை அதிகபட்சம் 512 வடிவங்களையே ஏற்கும், கொம்பை நகர்த்தவும் அதற்குத் தெரியாது.

இவ்வளவும் ஒரே ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடியவை. 2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் வீடுவரை வந்து சேர்ந்தது. அதைப் பழுது பார்க்கும் அறிவு உடன் வரவில்லை. அந்தக் குறையை நிரப்பப் பாடுபடுபவர்கள் தன்னார்வலர்கள். செஞ்சி இருக்கும் மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்பிக்கிறது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. இவர்களை அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களுக்குள் அழைத்துவரக் கல்வித்துறை தயங்கக் கூடாது.

மாணவர்கள் கற்க வேண்டிய இன்னொன்று, புகார் எழுதுவது. ஹார்ஃப்பஸ், நோட்டோ, கோடோ எல்லாமே திறந்த திட்டங்கள். யார் வேண்டுமானாலும் பிழையைப் பதிவு செய்யலாம். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. விளையாட்டின் பெயர், லினக்ஸ் வகை, பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், உடைந்த சொல்லின் திரைப்பிடிப்பு, பக்கத்திலேயே அது எப்படி வர வேண்டும் என்பதைக் காட்டும் படம் ஆகியவற்றை இணைத்து அனுப்பினால், தமிழே தெரியாத நிரலாளராலும் திருத்த முடியும். திருத்தம் அடுத்த பதிப்பில் யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் சேர்ந்தே போகும்.