பேசக் கற்பிப்போர் பேச வேண்டாமா?

அமெரிக்கப் பள்ளிகளில் பேச்சு மொழி வல்லுநர் என்றொரு பணியாளர் உண்டு. திக்கிப் பேசும் சிறுவன், சில ஒலிகள் நாவில் ஏறாத சிறுமி, ஐந்து வயதாகியும் இரு சொற்களைச் சேர்க்கத் தெரியாத பிள்ளை ஆகியோருக்குப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். முதுகலைப் பட்டம் பெற்றவர். மருத்துவமனையிலும் பணியாற்றத் தக்கவர். ஆயினும் அங்கே இத்தொழிலினரில் ஏறக்குறையப் பாதிப் பேர் பள்ளிகளில்தான் இருக்கின்றனர். 1975-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இதற்குப் பெருங்காரணம். குறைபாடுடைய குழந்தைக்கும் ஏற்ற கல்வியை இலவசமாகத் தந்தே தீரவேண்டும் என்றது அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதி, இத்தனை நிமிடப் பயிற்சி என்று குறிக்கிறார்கள். குறித்துவிட்டால் அது கடமை.

நல்ல சட்டந்தான். ஆனால் மாணவர் ஒருவருக்காகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று காட்டிய ஆசை இன்றுவரை நிறைவேறவில்லை. பணம் குறைந்தால் இருப்பவர் தலையில் சுமை ஏறத்தானே செய்யும்? கலிபோர்னியாச் சட்டம் ஒரு வல்லுநருக்குச் சராசரி 55 பிள்ளைகள் என்று வரம்பு கட்டியிருக்கிறது. வரம்பே இது! பிள்ளைக்கு வாரம் இருமுறை அரை மணி என்று கணக்கிட்டுப் பாருங்கள். 55 மணி நேரம் வேண்டும். பள்ளி வாரமோ அதில் பாதிக்குச் சற்று மேல். ஆகவே திக்குபவனையும் உச்சரிப்பு வராதவனையும் ஒரே மேசையில் அமர்த்த நேர்கிறது. அறிக்கை எழுதுவது இரவில், வீட்டில்.

இவர்களுக்கென 1925-இல் தோன்றிய தேசியக் கழகம் ஒன்று உண்டு. 40 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்று 1993-இல் அது சொன்னது. 2002-இல் தலைக்கணக்கை விட்டுவிட்டு, முழு வேலைப்பளுவையும் அளக்கச் சொன்னது. சரியான கருத்தே. ஆனால் கழகம் நிர்வாகத்தோடு பேரம் பேசும் சங்கம் அன்று. நிர்வாகத்தின் கையைக் கட்டுவது ஆசிரியர் சங்கத்தோடு அது கையெழுத்திடும் ஒப்பந்தம்.

அந்தச் சங்கத்தில் இவர்கள் சந்தா கட்டுவதோடு நின்றுவிடலாமா? பள்ளிக்கு ஒருவர், சிலர் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஓடுபவர். "நாம் ஆசிரியர் அல்லவே" என்ற ஒதுக்கம் வேறு. வகுப்புக்கு இத்தனை மாணவர்தாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், வகுப்பே இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழவேண்டியது பிள்ளையல்ல, அதற்குப் பேச்சுச் சொல்லித் தருபவர்.

சிக்காகோவில் வல்லுநர்களும் ஆசிரியர்களும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். 2019 அக்டோபரில் அச்சங்கம் 11 பள்ளி நாட்கள் வேலை நிறுத்தம் செய்தது. சம்பளம் மட்டுமன்று, பள்ளிதோறும் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர் வேண்டுமென்பதும் கோரிக்கை. சில ஆண்டுகளுக்குள் நியமிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினர். வகுப்பறைக்கு வெளியே பணிபுரிவோர் தம் குறையைச் சங்கத்தின் குறையாக்கினால் இது நடக்கும்.

அந்த 11 நாட்கள் பயிற்சியின்றிப் போன பிள்ளைகள்? நியாயமான கேள்வி, இழப்பு இழப்புதான். ஆனால் நால்வரோடு பங்கிட்ட அரை மணியில் ஆண்டு முழுதும் பிள்ளை இழப்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. வட கரோலினாவிலும் டெக்சாசிலும் பள்ளி ஊழியர் கூட்டுப் பேரம் பேசச் சட்டமே இடம் தருவதில்லை. அங்கே வழி வேறு தேடவேண்டும். வாய்ப்புள்ள மாநிலத்தில் இருந்துகொண்டு பேரக் குழுவில் உட்கார மறுப்பவரிடந்தான் எனக்கு வழக்கு. அறிக்கை எழுத வாரத்தில் இத்தனை மணி, வல்லுநர் விடுப்பில் போனால் மாற்று ஆள் என்ற விதிகளைக் கணக்கு ஆசிரியர் நினைத்துப் பார்த்து எழுதமாட்டார். அவருக்கு அவர் வகுப்பில் 35 பேர்.