றகரம் தொலைந்த சொல்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை உலக நாடுகள் புறக்கணித்த காலத்தில், ஆங்கில ஏடுகள் அந்த அரசை ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதின. மனிதரைத் தோலின் நிறத்தால் பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் அடைத்த ஓர் அரசுக்கு, பிறப்பால் பிரிக்கப்பட்டுச் சேரியில் அடைக்கப்பட்ட ஒரு மக்களின் பெயர்! ஒடுக்கியவனைத் தண்டிக்க ஒடுக்கப்பட்டவரின் பெயரே சூட்டப்பட்டது. இது அன்று எழுதியவர்களுக்கு விபரீதமாகப் படவில்லை. இன்றும் படவில்லை. 2019இல் ஜோ பைடன், ஒரு பத்திரிகையாளரின் கொலைக்காக சவூதி அரேபியாவை ‘பரையா’ ஆக்குவேன் என்று தேர்தல் விவாத மேடையில் சூளுரைத்தார். வடகொரியாவுக்கும் இதே பட்டம்தான்.

பெங்களூரில் சமூக அறிவியல் ஆய்வு செய்யும் எவருக்கும் இச்சொல் அன்றாடப் புழக்கம். கருத்தரங்கில், ஆய்வேட்டில், நாளேட்டின் நடுப்பக்கக் கட்டுரையில் அது தடையின்றி வருகிறது. ‘ஸ்லேவ்’ என்று எழுதாதே, ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்று எழுது என மாணவரின் தாளைத் திருத்தும் அதே பேனா, அடுத்த பத்தியிலுள்ள ‘பரையா’வைத் தொடாமல் தாண்டிச் செல்கிறது. இந்த அலட்சியத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

சொல்லின் பயணத்தை அகராதிகள் மறைக்கவில்லை. பறையர் என்னும் தமிழ்ச் சொல்லே மூலம்; பறை என்பது தோற்கருவி. புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனைத் துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் குடியாக எண்ணுகிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசாவின் குறிப்புகளில் இப்பெயர் இடம்பெற்றது. அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. புகும்போது றகரம் ரகரமாயிற்று. ‘அர்’ என்னும் பலர்பால் ஈறு கரைந்தது. மக்கள் கூட்டம் ஒன்றின் பெயர், எவர்மீதும் ஒட்டத்தக்க ஒருமைப் பெயராயிற்று.

ஐரோப்பிய இலக்கியம் எஞ்சியதைச் செய்தது. 1791இல் பெர்னார்டான் த சான் பியேர் எழுதிய பிரெஞ்சுக் கதையில், உண்மையைத் தேடி அலையும் ஆங்கில அறிஞன் அதை ஒரு ‘பரையா’வின் குடிசையில் கண்டடைகிறான். 1820களில் கேத்தே இப்பெயரில் கவிதைகள் எழுதினார். பாரிஸில் கசிமிர் தெலவீஞ்ஞின் நாடகம் இப்பெயரிலேயே மேடையேறியது. 1838இல் ஃபுளோரா திரிஸ்தான், கணவனைப் பிரிந்த பெண்ணாகிய தன்னையே ‘பரையா’ என்று அழைத்துக்கொண்டார். அரை நூற்றாண்டுக்குள் ஒரு சாதியின் பெயர், சமூகத்தால் விலக்கப்பட்ட எவருக்கும் உரிய உருவகமாகிவிட்டது.

அந்த உருவகம் உண்மையானதா என்று எத்தனை பேர் கேட்டோம்? ‘பரையா’ என்றால் வெளியே தள்ளப்பட்டவர் என்கிறது ஆங்கிலம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியே இப்பொருளைப் பிழை என்றது. பறையர் சாதியற்றவர் அல்லர், தமிழ் நாட்டின் மிகப் பெரிய சாதிகளுள் ஒன்றினர் என்று யூலும் பர்னெலும் தெளிவாக எழுதினர். ஆனால் பிழை அதைவிட ஆழமானது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் கல்வெட்டுகளில் ‘பறைச்சேரி’ வருகிறது. சேரி ஊரின் கணக்குக்குள் இருந்தது. நெல் விளைந்த ஊர்களில் உழவும் நடவும் அறுவடையும் அச்சேரி மக்களின் உழைப்பால் நடந்தன. 19ஆம் நூற்றாண்டுச் செங்கற்பட்டில் அவர்கள் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அவர்களைப் பற்றி அரசுக்கு அளித்த அறிக்கையின் சாரம் இதுதான்: கடனாலும் நிலமின்மையாலும் கட்டப்பட்ட கூலிகள், வீட்டு மனைகூடத் தமக்கென்று இல்லாதவர்கள். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக்கொண்டிருக்கும் நிலத்தின் கதை அவ்வறிக்கையிலிருந்து தொடங்குகிறது.

அவர்களை யாரும் துரத்தவில்லை. போகவிடவில்லை என்பதே வரலாறு. தப்பிக்க முடிந்தவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். இந்நகரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். பூமிக்கடியில் பாறை உடைக்கும் வேலை, ஊர்ப் பண்ணையைவிட விடுதலையாகத் தெரிந்தது என்றால் அந்த ஊர் எப்படி இருந்திருக்க வேண்டும்! உழைப்புக்காகப் பிணைத்து வைக்கப்பட்டவரை ‘விலக்கப்பட்டவர்’ என்று பெயரிட்ட கணமே, பிணைத்த கை பார்வையிலிருந்து மறைகிறது. மிஞ்சுவது இரக்கத்துக்குரிய ஒரு தனியன். காலனிய அரசும் மறைபரப்பாளரும் ‘பரையா பிராப்ளம்’ என்று பேசிய 1890களில், நிலமும் உழைப்பும் பற்றிய கேள்வி சமயமும் சமூக வழக்கமும் பற்றிய கேள்வியாக மாற்றப்பட்டதை ரூபா விஸ்வநாத் 2014இல் தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த மாற்றத்தின் சுருக்கெழுத்தாகவே இச்சொல்லை நான் காண்கிறேன்.

இரண்டாவது பொய் இன்னும் கொடியது. ‘பரையா ஸ்டேட்’ தன் செயலால் அந்நிலையை அடைகிறது: அணுகுண்டு செய்கிறது, கொலை செய்கிறது, நிறவெறி பாராட்டுகிறது. ஆகவே அச்சொல்லில் ‘அதற்குத் தகும்’ என்னும் தொனி ஒட்டியிருக்கிறது. குற்றமே செய்யாமல் பிறப்பால் இழிவு சுமந்தவரின் பெயர், இன்று குற்றவாளிக்குரிய தீர்ப்பாகிவிட்டது.

கோட்பாட்டாளரும் இதற்கு விலக்கல்லர். மாக்ஸ் வெபர் யூதரைப் ‘பரையா மக்கள்’ என்றார். ஹன்னா அரெண்ட் 1944இல் ‘பரையாவாக யூதர்’ பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஹைனே, பெர்னார் லசார், சாப்ளின், காஃப்கா ஆகிய நால்வர் வருகிறார்கள். லசாரிடமிருந்து அவர் எடுத்தாண்ட ‘தன்னுணர்வுள்ள பரையா’ என்னும் கருத்தை நாம் வகுப்பறைகளில் மெய்ம்மறந்து விளக்குகிறோம். அக்கட்டுரை வெளியான ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் உயிரோடு இருந்தார். அவர் 1893இலேயே ‘பறையன்’ என்று பெயரிட்டு இதழ் நடத்தியவர். அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர். வசைச்சொல்லைத் தலைப்பாக்கித் தலைநிமிர்ந்த அவரைவிடத் தன்னுணர்வுள்ளவர் யார்? அவருடைய மைத்துனர் அயோத்திதாசரோ, அப்பெயர் பகைவர் இட்டது என்று மறுத்து, நாம் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வழியாகப் பரவிய பௌத்தம் கோலார் தங்கவயலில் வேரூன்றியது. அவர் மறைவுக்குப் பின் ‘தமிழன்’ அங்கிருந்தே வெளிவந்தது. ஒரே குடும்பத்துக்குள் ஒருவர் பெயரை ஏற்கிறார், மற்றவர் எறிகிறார். பெயரின் அரசியல் குறித்து இதைவிடக் கூர்மையான விவாதம் எங்கே நடந்தது? ‘பரையா’ பற்றிய நம் பாடத்திட்டங்களில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் பாரிஸுக்கும் இடம் உண்டு. அடுத்த மாவட்டத்துச் சாம்பியன் ரீஃபுக்கு இல்லை.

எதிர்வாதங்களை அறிவேன். சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு, ‘ஸ்லேவ்’ ஸ்லாவியர் பெயரிலிருந்து வந்தது, ‘வாண்டலிசம்’ ஒரு பழங்குடியின் பெயரிலிருந்து வந்தது, அவற்றையும் விலக்குவோமா? மொழியியல் அளவில் இது சரியான வாதம். ஆனால் வாண்டல்கள் இன்று இல்லை. ஸ்லாவியர் என்பதற்காக இன்று எவரும் அடிமைச் சந்தையில் நிற்பதில்லை. பறையர் என்பதோ இன்றும் சாதிச் சான்றிதழில் அச்சாகும் பெயர். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட நாட்டில் நாம் வாழ்கிறோம். பட்டியலினத்தவரைப் பொதுவிடத்தில் சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். தெருவில் தமிழில் வசையாக வந்தால் வழக்கு. ஆங்கிலத்தில் தலையங்கமாக வந்தால் நடையழகு. மூலச்சொல் காயமாக உயிரோடிருக்கும்போது, கிளைச்சொல் மட்டும் குற்றமற்றது என்று எப்படிச் சொல்வது?

கன்னட நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘ஹொலெய நாடு’ என்று ஒரு வெளியுறவுக் கட்டுரைக்குத் தலைப்பிடுவீர்களா? மாட்டீர்கள். நினைக்கும்போதே நாக் கூசும். அக்கூச்சம் ‘பரையா’விடம் வராததற்கு ஒரே காரணம், அது ஆங்கிலத்தில் குளித்துவிட்டு வந்திருக்கிறது என்பதுதான். இந்நகரின் விலங்குநல அன்பர்கள் ‘பரையா டாக்’ என்பதை விட்டுத் தெருநாயை ‘இண்டி’ என்று பரிவோடு அழைக்கத் தொடங்கி வெகுநாளாயிற்று. நாயின் மீதிருந்து இறக்கப்பட்ட பெயர் இன்னும் கருத்தரங்கிலிருந்து இறங்கவில்லை.

ஆங்கிலத்தை மட்டும் குற்றம்சாட்டித் தமிழன் தப்பிவிடவும் முடியாது. அவர்கள் நம்மிடமிருந்து ஒரு பெயரை எடுத்து வசையாக்கினார்கள். நாமோ அவர்களிடமிருந்து ‘காலனி’ என்னும் சொல்லை வாங்கி, அதே மக்களின் தெருவில் நட்டோம். பெங்களூரில் ‘காலனி’ என்றால் அரசு ஊழியரும் நடுத்தர வர்க்கத்தாரும் வாழும் குடியிருப்பு. தமிழகத்துச் சிற்றூரில் ‘காலனிக்காரர்’ என்றால் கேட்பவருக்குச் சாதி விளங்கிவிடும். 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆயினும் பலகையை மாற்றினால் தெரு மாறாது என்பதை, ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்ற பெயர்களுக்கு மாற்றாக 1922இல் சென்னை மாகாண அரசு ‘ஆதி திராவிடர்’ என்பதை ஏற்றதற்குப் பின்வந்த நூறாண்டுகள் காட்டிவிட்டன.

ஆகவே நான் தடை கோரவில்லை. பறையைத் தோளில் ஏந்தி அப்பெயரைப் பெருமையாக்குவோரின் உரிமை அவர்களுடையது. சீனிவாசன் காட்டிய வழி அது. நான் கேட்பது ஆய்வாளருக்கு எளிதில் கைகூடும் மூன்று காரியங்கள். ஒரு நாட்டையோ மனிதரையோ குறிக்க நேர்ந்தால் ‘புறக்கணிக்கப்பட்ட’ என்று எழுதுங்கள். யார் புறக்கணித்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெபரையும் அரெண்டையும் கற்பிக்கும் வாரத்தில் அயோத்திதாசரையும் இரட்டைமலை சீனிவாசனையும் கற்பியுங்கள். மாணவரின் தாளில் ‘பரையா’ வந்தால், ‘ஸ்லேவ்’ வந்தபோது நின்ற பேனா அங்கும் ஒருகணம் நிற்கட்டும்.